மூடுபனி, செம்மண் சேறு, 72 வயது அத்தை: ஏற்காட்டு வீட்டுக்கு எந்தக் கார்?

வெள்ளிமாலை (திங்கள், இரவு 10.10)

வணக்கம். எங்கள் வீடு சேலம் அழகாபுரத்தில். மாமாவும் அத்தையும் ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் இரண்டரை ஏக்கர் காப்பித் தோட்டத்தில் இருக்கிறார்கள். வாரம் தவறாமல் வெள்ளி மாலை மேலே போவோம், ஞாயிறு மாலை கீழே வருவோம். நாங்கள் இருவர், ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். போகும்போது மளிகை, வரும்போது பலாவோ ஆரஞ்சோ மிளகு மூட்டையோ. மாதம் ஒரு முறை அத்தையைச் சேலத்துக்கு மருத்துவரிடம் அழைத்து வர வேண்டும். அவருக்கு 72 வயது. இரண்டு முழங்காலும் சரியாக மடங்காது.

இப்போது இருப்பது பதினொரு ஆண்டு பழைய சிறிய பெட்ரோல் கார். கொண்டை ஊசி வளைவு இருபதையும் முனகிக்கொண்டே ஏறிவிடும். சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. தார்ச்சாலையை விட்டு வீட்டுக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் மண்பாதை. அதில் ஒரு பலாமரத்தடியில் ஏறக்குறைய அறுபது மீட்டர் நீளத்துக்குச் செங்குத்தான ஏற்றம். போன மாத மழையில் கார் அதில் பாதி ஏறியது, நின்றது, பிறகு என்னைக் கேட்காமலே பின்னால் வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பிக் காப்பிச் செடிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மகன் "இன்னொரு தடவை" என்றான். மகள் அழுதாள்.

வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து 15 லட்சம் வரை போகலாம். நான்கு சக்கர இழுவை இல்லாமல் முடியாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரடுமுரடு (திங்கள், இரவு 10.14)

மஹிந்திராவின் தார் ராக்ஸ் ஜீப். விவாதம் முடிந்தது.

ஐந்துரோடு ஸ்பேனர் (திங்கள், இரவு 10.31)

முடியவில்லை. ராக்ஸில் நான்கு சக்கர இழுவை டீசலில் மட்டும்தான் வருகிறது, அது 15 லட்சத்துக்குள் அடங்காது. இரண்டு சக்கர இழுவை ராக்ஸ் வாங்கினால் பார்க்க நன்றாக இருக்கும், பலாமரத்தடியிலும் நன்றாக நின்றுகொண்டிருக்கும். அதோடு, முழங்கால் மடங்காத அம்மா அந்த உயரத்துக்கு எப்படி ஏறுவார்? முக்காலி போட்டா?

சின்னஜீப் (திங்கள், இரவு 10.50)

மாருதியின் ஜிம்னியைப் பாருங்கள். 2023 இல் வந்தது. தரை இடைவெளி 210 மி.மீ. தாழ் கியர் கொண்ட உண்மையான நான்கு சக்கர இழுவை. அகலம் 1645 மி.மீ. மட்டுமே என்பதால் தோட்டப் பாதையில் எதிரே பிக்கப் வந்தாலும் ஒதுங்க இடம் கிடைக்கும். என்னுடையது சேற்றில் ஆடு போல ஏறுகிறது.

கணக்குப்பிள்ளை (திங்கள், இரவு 11.05)

ஆட்டில் நான்கு பேர்தான் உட்காரலாம். ஜிம்னிக்கு நான்கு இருக்கை, பின்னால் பெட்டி வைக்கும் இடம் 208 லிட்டர். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் ஏறியபின் அத்தையை எங்கே உட்கார வைப்பது, பலாப்பழத்தை எங்கே உட்கார வைப்பது?

மலைவண்டி ஓய்வு (செவ்வாய், காலை 6.20)

தம்பி, எல்லோரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். 26 ஆண்டு அந்தப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். ஏறாத வண்டி வழியில் நிற்கும், அவ்வளவுதான். இறங்கத் தெரியாத வண்டி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கோடை விழாக் காலத்தில் ஞாயிறு மாலை அடிவாரத்தில் நின்று மூச்சை இழுத்துப் பார். எத்தனை வண்டிகள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கின என்று மூக்கே கணக்குச் சொல்லும். புகை வந்ததும் தண்ணீரை மொண்டு சக்கரத்தில் ஊற்றுகிறார்கள். அதைவிடக் கெட்ட காரியம் இல்லை, சூடேறிய தட்டு கோணிப்போகும். நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். தேநீர் குடிக்கலாம்.

எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு. இது எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னது, அவருக்கு யார் சொன்னார்களோ. இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கைத் தொட்டு விட்டால் போதும். நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று எந்த மகராசனாவது சொன்னால் அவன் வண்டியில் ஏறாதே. ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழிவிட வேண்டும். அது பண்பாடு மட்டும் இல்லை, சட்டமும்கூட. இப்போது கீழே இறங்குகிறவன்தான் விளக்கை அடித்து மிரட்டுகிறான்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த எண்ணெய் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்று. புது வண்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைச் செய்.

வெள்ளிமாலை (செவ்வாய், காலை 8.45)

ஐயா, எழுதியதற்கு மிக்க நன்றி. ஒரே ஒரு திருத்தம். நான் தம்பி இல்லை. வண்டி ஓட்டுவதும் நான்தான். கணவருக்கு ஓசூரில் வேலை, வெள்ளி மாலை பஸ்ஸில் சேலம் வந்து எங்களோடு சேர்ந்துகொள்வார். ஏழாவது வளைவுக்குமேல் அவர் கையில் எலுமிச்சம்பழத்தோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பயணி.

மலைவண்டி ஓய்வு (செவ்வாய், காலை 9.02)

மன்னித்துக்கொள் அம்மா. சொன்னதில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. மாப்பிள்ளையை முன் இருக்கையில் உட்காரச் சொல், தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல். அப்படிப் பார்த்தால் குமட்டல் குறையும்.

ஐந்துரோடு ஸ்பேனர் (செவ்வாய், மதியம் 1.40)

அக்கா, வண்டியைப் பேசுவதற்கு முன்னால் ஒரு வேலை. இப்போதுள்ள காரின் டயர் பக்கவாட்டைப் பாருங்கள். சிறிய நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அதைப் படித்துச் சொல்லுங்கள்.

அதுவரை இழுவைக் கதையைச் சொல்கிறேன். உங்கள் காரில் முன் சக்கரங்கள்தான் இழுக்கின்றன. சமதளத்தில் இன்ஜின் பாரம் அவற்றின்மேல் இருப்பதால் பிடிப்பு நன்றாக இருக்கும். செங்குத்தில் ஏறும்போது பாரம் பின்னால் சாய்கிறது. பின்சீட்டில் ஆள், டிக்கியில் மளிகை. முன் சக்கரம் மண்ணை லேசாகத் தொட்டுக்கொண்டு சுற்றுகிறது. பின் சக்கர இழுவை உள்ள பொலிரோ மாதிரி வண்டியில் இது தலைகீழ். ஏற ஏறப் பாரம் இழுக்கிற சக்கரத்தின்மேல் விழும். மலைக்காரர்கள் இன்னும் பொலிரோவை விடாமல் இருப்பதற்குக் காரணம் வெறும் பழக்கம் இல்லை.

என் அப்பா மாருதி 800 வைத்திருந்தபோது வாழவந்தி பக்கம் ஒரு தோட்டத்துக்கு ரிவர்ஸில்தான் ஏறுவார். பின்பக்கமாகப் போனால் இழுக்கிற சக்கரத்தின்மேல் பாரம் விழும் அல்லவா. பார்த்தவர்கள் சிரித்தார்கள், வண்டி ஏறியது.

ஆட்டோமேட்டிக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். விலை குறைவான ஏஎம்டி என்பது சாதாரண கியர்ப்பெட்டிக்கு ஒரு இயந்திரக் கையைப் பொருத்தியது. கொண்டை ஊசியின் நடுவில் கியரை மாற்ற நினைத்துவிட்டால் ஒரு கணம் வண்டிக்கு உயிர் போய் வரும். மலையில் அதை மேனுவல் நிலைக்கு மாற்றி ஓட்டுவதுதான் நல்லது. அதற்கு முதலிலேயே கியர் வண்டி வாங்கிவிடலாம் என்பது என் கட்சி.

வெள்ளிமாலை (செவ்வாய், இரவு 9.15)

படித்தேன். 2817.

ஐந்துரோடு ஸ்பேனர் (செவ்வாய், இரவு 9.17)

2017 ஆம் ஆண்டின் 28 ஆவது வாரம். அக்கா, அது டயர் இல்லை, தொல்பொருள். ரப்பர் இறுகிப் பலகையாகியிருக்கும். பள்ளம் எவ்வளவு மிச்சம்?

வெள்ளிமாலை (செவ்வாய், இரவு 9.40)

மகனின் பள்ளி ஸ்கேலை வைத்து அளந்தேன். இரண்டு மி.மீ.

மாண்ட்ரியல் சேலத்தான் (புதன், அதிகாலை 4.30)

செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து இப்போது கனடாவில் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பவன். தலைப்பில் பனி என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். உங்கள் பனி கண்ணை மறைக்கும், எங்கள் பனி காலை வாரும்.

இங்கே முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறு, நான்கு சக்கர இழுவை வண்டி வாங்கிவிட்டு டயரை மாற்றாமல் இருந்தது. புறப்படும்போது ராஜா மாதிரி புறப்பட்டேன். சிவப்பு விளக்கில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்காமல் சந்திப்பின் நடுவில் போய் நின்றது. நான்கு சக்கரமும் இழுத்தால் கிளம்புவது எளிது. நிறுத்துவதற்கு எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் இருக்கிறது, அதில் யாருக்கும் கூடுதல் சலுகை இல்லை. அதனால்தான் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். நான்கு சக்கர இழுவை கட்டாயம் என்று இங்கே சட்டம் இல்லை.

உடனே குளிர்கால டயர் தேடாதீர்கள். 7 டிகிரிக்குக் கீழே இறுகாமல் இருப்பதற்காகச் செய்யும் மென்மையான ரப்பர் அது. சேலம் வெயிலில் ஒரே ஆண்டில் தேய்ந்துவிடும். உங்களுக்குத் தேவை சாதாரண நல்ல டயர், ஆழமான பள்ளத்தோடு. சட்டம் 1.6 மி.மீ. வரை விடுகிறது. மழையில் ஓட்டுகிறவர்கள் 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிட வேண்டும். உங்கள் 2 மி.மீ. சட்டத்துக்குச் சரி, பலாமரத்துக்குச் சரியில்லை.

கரடுமுரடு (புதன், காலை 7.55)

சேற்றுக்கென்றே முரட்டு டயர் இருக்கிறதே, அதைப் போட்டால் போயிற்று.

ஐந்துரோடு ஸ்பேனர் (புதன், காலை 8.20)

வாரத்தில் ஓடும் கிலோமீட்டரில் சேறு எவ்வளவு, ஈரத் தார் எவ்வளவு? போக வர இரண்டரை கிலோமீட்டர் சேறு. மீதி அனைத்தும் தார். முரட்டு டயர் சேற்றைக் கிழிக்கும், ஈரமான தாரில் நிற்க அதிக தூரம் கேட்கும், காதுக்கும் ஓயாத இரைச்சல்.

பனியில் டீச்சர் (புதன், இரவு 8.30)

நான் எட்டு ஆண்டாகச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பள்ளி வேலைக்குப் போய் வருகிறேன். எத்தனை குதிரைத்திறன், எத்தனை மி.மீ. என்று பேசுகிற அண்ணன்மார் யாரும் கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனித்தேன்.

சகோதரி, கார்த்திகை, மார்கழியில் வளைவு பத்தைத் தாண்டினால் சில நாள் பானெட் முனையே தெரியாது. ஹை பீம் போட்டால் பனி சுவராக எழுந்து கண்ணில் அடிக்கும். லோ பீம் மட்டும் போடுங்கள், அதோடு பம்பரில் தாழ்வாக இருக்கும் பனி விளக்கு. விலை குறைந்த மாடலில் பனி விளக்கு இருக்காது, அதனால் மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதே பாருங்கள். உள்ளே நான்கு பேர் மூச்சு விட்டால் கண்ணாடி வேர்க்கும். துணியால் துடைக்காதீர்கள். குளிர்ந்தாலும் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். பின்கண்ணாடி வைப்பரும், அதில் படியும் வேர்வையைச் சூடாக்கிப் போக்கும் டிஃபாகரும் ஆடம்பரம் இல்லை. சன்ரூஃப் ஆடம்பரம். விற்பனையாளர் இரண்டாவதைத்தான் முதலில் காட்டுவார்.

நான்கு பக்க இண்டிகேட்டரையும் அலறவிட்டபடி பனிக்குள் ஓட்டுகிறார்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் திரும்புகிறீர்களா, நிற்கிறீர்களா என்று தெரியாது. நின்றால் மட்டும் போடுங்கள். உங்கள் பக்கக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வையுங்கள். கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் எதிர் வண்டி வரும். காட்டெருமை ஹாரன் அடிக்காது, அதற்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர வழி இல்லை.

கடைசியாக ஒன்று. ஷோரூமில் உங்கள் இருக்கையை உங்கள் உயரத்துக்கு வைத்து, பானெட்டின் இடது முனை தெரிகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரியாததால் ஒரு வண்டியை விட்டுவிட்டேன். கூட வந்த தம்பி "பழகிவிடும் மேடம்" என்றான். பள்ளத்துக்குப் பழக்கம் தெரியாது.

சார்ஜர் (வியாழன், காலை 7.10)

மின்சாரக் காரை ஒருவரும் சொல்லவில்லையே. கணக்குப் போட்டேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1515. ஆட்களோடு 1600 கிலோ வண்டியை 1235 மீட்டர் தூக்க 5.4 யூனிட் மின்சாரம், சாலை உராய்வும் மற்ற இழப்பும் தனி. இறங்கும்போது அதில் ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்பி வரும், பிரேக் தேயாது. உயரத்தில் காற்று மெலிவதும் இதைத் தொடாது. 1500 மீட்டரில் காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அங்கேதான் முனகுகிறது.

மலைவண்டி ஓய்வு (வியாழன், காலை 7.48)

அந்த 5.4 யூனிட் கணக்கை வேறு மாதிரி படித்துக் காட்டுகிறேன். மின்சாரக் கார் அதில் ஒரு பங்கைப் பேட்டரியில் போடுகிறது. மற்ற வண்டியில் இறங்கும்போது இன்ஜினும் சாலை உராய்வும் காற்றும் வாங்கிக்கொள்ளாத அத்தனையும் பிரேக்கில்தான் சூடாகப் போய்ச் சேரும். மொத்தம் 5.4 யூனிட் என்பது இரண்டு கிலோவாட் கீசரை ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஓடவிட்டால் வரும் சூடு. இப்போது புரிகிறதா நான் ஏன் இரண்டாவது கியர் என்று கத்துகிறேன் என்று?

வெள்ளிமாலை (வியாழன், காலை 9.30)

ஐயா, இதை அச்சடித்துக் காரில் ஒட்டப் போகிறேன். மின்சாரக் கார் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் தோட்டத்து வீட்டில் மழை பெய்தால் மின்சாரம் இரண்டு நாள் விடுமுறை எடுத்துக்கொள்ளும். மேலே போய் சார்ஜ் இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஞாயிறு மாலை மாமாவின் ஏர் உழும் மாடுதான்.

கணக்குப்பிள்ளை (வியாழன், இரவு 9.05)

வரி விஷயம் யாரும் தொடவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கும் காரில், 1200 சிசிக்குள் பெட்ரோல் அல்லது 1500 சிசிக்குள் டீசல் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம். தாண்டினால் 40. ஜிம்னியும் பிரெஸ்ஸாவும் நான்கு மீட்டருக்குள்தான், ஆனால் 1462 சிசி பெட்ரோல், ஆகவே 40. பொலிரோ, பொலிரோ நியோ, டாடா நெக்ஸான் டீசல் இவை 18. தமிழ்நாட்டில் ஆயுள் வரியிலும் ஒரு படி இருக்கிறது. வண்டி விலை 5 லட்சத்துக்குமேல் 10 லட்சம் வரை என்றால் 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. ஒன்பதே முக்கால் லட்சத்து மாடலுக்கும் பத்தேகால் லட்சத்து மாடலுக்கும் உள்ள வித்தியாசம் ஐம்பதாயிரம் இல்லை, ஒரு லட்சத்துக்குமேல்.

சின்னஜீப் (வியாழன், இரவு 9.20)

அப்படியானால் பொலிரோ நியோ. ஏழு இருக்கை, பின் சக்கர இழுவை. மேல் மாடலில், ஒரு சக்கரம் வெறுமனே சுற்றினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியலும் (இரண்டு பின் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) உண்டு. குடும்பமே ஏறலாம்.

பனியில் டீச்சர் (வியாழன், இரவு 9.41)

அந்த ஏழில் கடைசி இரண்டு, பக்கவாட்டில் பார்த்து உட்காரும் மடக்கு இருக்கை. பிள்ளைகளைத்தான் அதில் போடுவார்கள். இருபது வளைவு, பக்கவாட்டில் உட்கார்ந்து, வெளியே பார்க்காமல். எலுமிச்சம்பழம் ஒரு மூட்டை வேண்டும். விபத்து மோதல் சோதனையையும் பாருங்கள். 2024 இல் குளோபல் என்கேப் அந்த வண்டிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் தந்தது.

சில்வர்ஓக் (வெள்ளி, காலை 6.05)

இழை முழுவதையும் படித்தேன். வேடிக்கையாக இருந்தது. அறுபது மீட்டர் ஏற்றத்துக்காக 15 லட்ச ரூபாய் வண்டியைத் தேடுகிறீர்கள். ஏற்றத்தைச் சரிசெய்ய யாரும் சொல்லவில்லை.

நானும் காப்பிக்காரன்தான், செம்மநத்தம் பக்கம். எங்கள் பாதையிலும் ஒரு பலாமரம் இருந்தது, அதாவது அதே மாதிரி ஓர் ஏற்றம். முழுப்பாதைக்கும் சிமெண்டு போட வேண்டாம். சக்கரம் ஓடும் இரண்டு தடம் போதும். ஒவ்வொன்றும் 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனம், அறுபது மீட்டர் நீளம். பெருக்கிப் பாருங்கள், பதினொரு கன மீட்டர்கூட வராது. நடுவில் புல் வளரட்டும்.

ஆனால் சிமெண்டு இரண்டாவது வேலை. முதல் வேலை தண்ணீர். மேலேயிருந்து வரும் மழைநீர் பாதையை வாய்க்காலாக்கிக்கொண்டு இறங்குகிறது, அதனால்தான் சேறு. ஏற்றத்தின் தலைப்பில் குறுக்காக ஒரு கால்வாய் வெட்டிச் செடிப்பக்கம் திருப்பிவிடுங்கள். அதைச் செய்யாமல் தடம் போட்டால் அடுத்த ஐப்பசியில் அடிமண் போய்த் தடம் பாலம் மாதிரி அந்தரத்தில் தொங்கும். எனக்குத் தொங்கியது, அதனால் சொல்கிறேன். காய்வதற்குள் தென்னந்துடைப்பத்தால் குறுக்காகக் கோடு இழுங்கள். வழவழப்பாகப் பூசிக்கொடுத்துப் பெருமைப்படும் கொத்தனாரை நம்பாதீர்கள், பாசி படிந்தால் அது சறுக்குமரம். இரண்டு வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள், வண்டி ஏற்றாதீர்கள்.

பாதை யாருடையது என்று பாருங்கள். பொதுப்பாதை என்றால் ஊராட்சியில் கேட்க வேண்டும். பட்டா நிலம் என்றால் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் பேசுங்கள். காப்பி மூட்டை ஏற்றும் பிக்கப் அவர்களுக்கும் அதே இடத்தில்தான் மாட்டியிருக்கும்.

ஐந்துரோடு ஸ்பேனர் (வெள்ளி, காலை 8.00)

தொழில் பாதிக்கிற ஆலோசனை. ஆனாலும் கைதட்டுகிறேன்.

வெள்ளிமாலை (ஞாயிறு, இரவு 10.50)

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஷோரூமில் மலைக்கு வண்டி தர மறுத்துவிட்டார்கள், சேலம் ஐந்து ரோடு சந்திப்பைச் சுற்றி வந்தால் போதுமாம். வேறு இரண்டு இடங்களில் சம்மதித்தார்கள். சனிக்கிழமை தூறலில் பலாமரத்தடியில் மூன்று வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். உறவினர் ஒருவரின் பழைய நான்கு சக்கர இழுவை டஸ்டர் சத்தமே இல்லாமல் ஏறியது. பொலிரோ நியோ ஒரு தடவை சுற்றி, பூட்டிக்கொண்டு, ஏறியது. நெக்ஸான் டீசல் இரண்டு ஆட்களோடு ஏறியது. ஐந்து பேர் ஏறியதும், எங்கள் பழைய கார் நின்ற அதே இடத்தில் நெக்ஸானும் நின்றது. வழுக்கவில்லை, மலையில் நிறுத்திப் பிடிக்கும் வசதி பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஷோரூமிலிருந்து வந்த பையனின் புது ஷூ செம்மண்ணில் போனது, பாவம். அத்தை அவனுக்குக் காப்பி கொடுத்து ஒரு கிலோ மிளகும் கட்டிக்கொடுத்தார்.

உட்கார்ந்து பார்க்கும் பரீட்சை அத்தைக்கு. டஸ்டரில் பரவாயில்லை என்றார். பொலிரோ நியோவில் ஒரு காலை வைத்தார், கதவைப் பிடித்தார், "நீங்கள் போய் வாருங்கள்" என்றார். நெக்ஸானில் முதலில் உட்கார்ந்து பிறகு இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி உள்ளே வைத்துக்கொண்டார்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூன்று பேரிடம் மாமா பேசினார். சில்வர்ஓக் அண்ணா சொன்னது சரி, மூன்று பேரின் பிக்கப்பும் அங்கே மாட்டியிருக்கிறது. பதினைந்து ஆண்டாக ஒருவருக்கொருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், பாதையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான்கு குடும்பம் பங்கு போட்டால் எங்கள் பங்குக்கு ஒரு மாதத் தவணை அளவுதான் வருகிறது. தை மாதம் அறுவடைக் கூட்டம் குறைந்ததும் வேலை.

கரடுமுரடு (ஞாயிறு, இரவு 11.02)

ஆக, யாரும் தார் வாங்கப் போவதில்லை.

மாண்ட்ரியல் சேலத்தான் (திங்கள், அதிகாலை 5.15)

தார் போடாமல் சிமெண்டு போடுகிறார்கள்.

வெள்ளிமாலை (பத்து வாரம் கழித்து, சனி, காலை 7.30)

கேட்டவர்களுக்கு: நெக்ஸான் டீசல், கியர் வண்டி, பனி விளக்கு உள்ள மாடல், சன்ரூஃப் இல்லை. பத்து லட்சப் படிக்கட்டில் கணக்குப்பிள்ளை சொன்ன இடத்தில்தான் தடுக்கி விழுந்தேன், பனி விளக்கு அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, ஊருக்குள்ளேயே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும் என்று ஸ்பேனர் தம்பி பயமுறுத்தினார், வாரா வாரம் மலையேறினால் அதுவே சுத்தம் செய்துகொள்ளும் என்றும் அவரே சொன்னார். ஆறு பேர் வரும் நாளில் மாமா பஸ்ஸில்தான் வருவேன் என்கிறார். பஸ்ஸில் பேச ஆள் கிடைக்கிறது, காரில் எல்லோரும் போனைப் பார்க்கிறார்கள் என்பது அவர் குறை.

தடம் போட்டாகிவிட்டது. துடைப்பக் கோடு இழுப்பதற்குள் கொத்தனாருக்கும் மாமாவுக்கும் சண்டை. கீழ்ப்பாதியில் வழவழப்பு, மேல்பாதியில் கோடு. மழை வந்தால் எது ஜெயித்தது என்று சொல்கிறேன். பழைய காருக்குப் புது டயர் போட்டு என் தம்பி வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அவர்கள் இருப்பது ஆத்தூரில், சமதளம்.

மலைவண்டி ஓய்வு (சனி, காலை 7.44)

மகிழ்ச்சி அம்மா. போன ஞாயிறு இறங்கும்போது என்ன கியர்?

வெள்ளிமாலை (சனி, காலை 7.50)

இரண்டு. பதினொன்றாவது வளைவுக்குப் பிறகு ஒரு முறை மூன்று. உடனே மாற்றிவிட்டேன் ஐயா.